கடலுக்குள் பேனா, கரையில் கூவம்

முன்னாள் முதல்வர் மு. கருணாநிதியின் நினைவாக மெரினா கடலுக்குள் 134 அடி உயரத்தில் பேனாச் சின்னம் எழுப்புவது என்ற முடிவு தவறானது. கரையிலிருந்து 360 மீட்டர் தள்ளி, சுமார் 81 கோடி ரூபாய் செலவில் திட்டமிடப்பட்ட இதற்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதியும் 2023 ஜூனில் கிடைத்துவிட்டது. அதே ஆண்டு ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டம் கூச்சல் குழப்பத்தில் முடிந்தது. மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் எழுப்பிய கேள்விகளை வாசகர்கள் அறிவார்கள். அவற்றை மீண்டும் அடுக்கத் தேவையில்லை. இங்கே சொல்ல வேண்டியது வேறொன்று.

கருணாநிதிக்குச் சிறப்புச் செய்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. அவரது நூற்றாண்டைக் கொண்டாடிய வேளையில், அவர் கையிலெடுத்து முடிக்காமல் போன வேலைகளில் பெரியது எது என்று முடிவெடுத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். அது கூவம். 1967-ல் அண்ணா அமைச்சரவையில் பொதுப்பணித் துறையை ஏற்றவர் கருணாநிதி. கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது அப்போதுதான். சென்னையின் நடுவே ஓடும் சாக்கடையை மறுபடி ஆறாக்கிப் படகு விட முடியும் என்று நம்பி, அரசுப் பணத்தை அதில் இறக்கத் துணிந்த ஆட்சி அது. அவர் முதல்வராக இருந்த 1973-ல் படகுகளும் ஓடின. சில ஆண்டுகளிலேயே அவை நின்றுபோயின. கட்டிய படகுத்துறைகளில் சில இன்றும் கரையில் சிதைந்து நிற்கின்றன. படிக்கட்டு இறங்கும் இடத்தில் கறுப்புச் சேறு, சேற்றில் குமிழிகள், படிகளில் பிளாஸ்டிக் பைகள். பாலத்தைக் கடக்கும் பேருந்துப் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

அந்த ஆறு கடலில் சேரும் நேப்பியர் பாலத்துக்கும் பேனா எழுப்பத் திட்டமிட்ட இடத்துக்கும் நடுவே நடந்து போகும் தூரம்தான். கருணாநிதியின் நினைவிடத்திலிருந்து கடலுக்குள் பாலம் போட்டு மக்களை அழைத்துப் போவார்களாம். அந்தப் பாலத்தில் நடப்பவர்களுக்குக் கூவத்தின் முகத்துவாரம் வடக்கே கண்ணில் படும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் நாற்றமும் வரும். ஒரு தலைவர் சுத்தம் செய்ய நினைத்த ஆற்றை அப்படியே விட்டுவிட்டு, அதன் வாயருகே அவருக்குச் சின்னம் வைப்பது எந்த வகையில் மரியாதை? 81 கோடி ரூபாயில் கூவம் முழுவதும் சுத்தமாகிவிடாது என்ற பதில் வரலாம். உண்மைதான். ஆனால் கழிவுநீர் கலக்கும் வாய்கள் சிலவற்றையாவது அடைக்கலாம். அது தொடக்கமாக இருந்திருக்கும். ஒரு வாயை அடைத்தாலும் கருணாநிதி தொடங்கிய வேலை ஒரு படி முன்னே போயிருக்கும். கடலில் நிற்கும் பேனாவால் அந்த வேலை ஓர் அங்குலமும் நகராது.

கோட்டையில் முடிவெடுப்பவர்கள் இந்த ஆற்றில் சறுக்குவது இது முதல் முறையல்ல. கட்சிகள் மாறி மாறி ஆண்டன. கூவத்தை நடத்திய விதம் மாறவில்லை. 2009-ல் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை என்று அடிக்கல் நாட்டி, தூண்களை ஆற்றுக்குள்ளேயே இறக்கினார்கள். நீரோட்டம் தடைபடும் என்று 2012-ல் பணியை நிறுத்தினார்கள். தூண்கள் மட்டும் ஆண்டுக்கணக்கில் ஆற்றில் நின்றன. 2022-ல் அதே பாதையில் ஈரடுக்குச் சாலைக்கு மீண்டும் அடிக்கல். நீரோட்டத்தைப் பற்றிய கவலை என்னவாயிற்று என்று யாரும் விளக்கவில்லை. 2015-ல் 604 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டுக் கூவத்தின் 32 கிலோமீட்டருக்குச் சீரமைப்புத் திட்டம் வந்தது. அதில் கண்ணுக்குத் தெரிந்த வேகம் ஒன்றே ஒன்றுதான்: கரையோரக் குடிசைகளை அகற்றிய வேகம். 14,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு மாற்றுவது திட்டம். கல்வியாண்டின் நடுவே பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு அறுந்தது. கூலி வேலைக்குப் போனவர்கள் வேலையிடத்தை இழந்தார்கள். கழிவுநீரை விட்ட பெரிய கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆற்றைக் கெடுத்ததில் மிகச் சிறிய பங்கு யாருடையதோ, அவர்கள்தான் முதலில் விலை கொடுத்தார்கள்.

சிங்கப்பூர் ஆற்றின் கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. 1977-ல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ ஆற்றைச் சுத்தமாக்கப் பத்தாண்டுக் கெடு வைத்தார். பன்றி, வாத்துப் பண்ணைகள் மூடப்பட்டன. தெருவோர உணவுக் கடைகளுக்குத் தண்ணீர்க் குழாயும் கழிவு வடிகாலும் உள்ள இடங்கள் கொடுக்கப்பட்டன. சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 1987-ல் ஆறு சுத்தமான பிறகே அந்த வேலையைச் செய்து முடித்த அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. பதக்கம் வேலைக்குப் பின்னால் வந்தது. கூவத்தைச் சீராக்கச் சிங்கப்பூரின் ஆலோசனையை 2010-ல் நாடியவர்களுக்கு இந்த வரிசை தெரியாமல் இருந்திருக்காது.

சென்னைச் சின்னத்தைப் பற்றித் தருமபுரி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். ஒருவர் பெயரை நிலைக்க வைப்பது சின்னமல்ல, செய்த வேலைதான் என்பதை இந்த ஊர் அறியும். 1792 முதல் 1799 வரை, தருமபுரியை உள்ளடக்கிய பாரமகால் பகுதியில் வருவாய் அதிகாரியாக இருந்த தாமஸ் மன்றோவுக்கு இந்த ஊரில் நினைவுத்தூண் உண்டு. அவர் பெயர் நிலைத்தது இங்கே உருவான, உழவரிடமே நேரடியாக நிலவரி பெறும் ரயத்துவாரி முறையால். தூணைப் பார்த்து அவரை அறிந்தவர்கள் சிலரே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் அப்படித்தான். 2008-ல் ஓர் ஆட்சி அடிக்கல் நாட்டியது, 2013-ல் இன்னொரு ஆட்சி திறந்தது. ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்குக் காவிரி வந்தது. அதைவிடப் பெரிய நினைவுச்சின்னத்தை யாரும் இந்த மாவட்டத்தில் கட்டியதில்லை.

வத்தல்மலைப் பக்கம் தோன்றித் தென்பெண்ணையில் கலக்கும் சனத்குமார நதியோ கழிவுநீரும் குப்பையும் சுமந்து தருமபுரியைக் கடக்கிறது. தலைநகரின் கூவத்துக்கே இந்தக் கதி என்றால் எங்கள் சனத்குமார நதிக்கு யார் பொறுப்பேற்பார்கள்? நதியைச் சீரமைக்கும் அதிகாரிக்கு அரசிடம் மதிப்பில்லை, சின்னம் வைப்பவருக்கே மதிப்பு என்ற பாடத்தைத்தான் மெரினா முடிவு மாவட்டங்களுக்கு அனுப்புகிறது.

பேனாத் திட்டத்தை அரசு கைவிட வேண்டும். கருணாநிதியின் பெயரால் கூவத்துக்கும் சனத்குமார நதி போன்ற நகர ஆறுகளுக்கும் உருப்படியாக ஏதாவது செய்ய முன்வர வேண்டும். அதற்கு மனம் வைத்தால் வழியும் நிதியும் தானே பிறக்கும்.