கசகசாவும் அமானிதமும்

நம் பழனி வட்டாரத்திலிருந்து வளைகுடாவுக்குப் புறப்படுகின்ற எவரும் வெறுங்கையுடன் போக முடிவதில்லை. “மகனுக்குக் கொஞ்சம் மசாலாச் சாமான், அவனே வந்து வாங்கிக்கொள்வான்” என்று கட்டி ஒட்டிய பொட்டலம் ஒன்று வீடு தேடி வந்துவிடுகிறது. உள்ளே என்னவென்று கேட்பது நம்பிக்கையின்மை என்றும், கேளாமல் வாங்கிக்கொள்வது பெருந்தன்மை என்றும் நாம் வழக்கப்படுத்தி வைத்திருக்கிறோம். இவ்வழக்கம் ஒழிய வேண்டும்.

காரணம், அப்பொட்டலத்தில் இருக்கக்கூடிய கசகசா. குருமாவுக்கு அரைக்கும் இப்பொருளை நம் மளிகைக் கடைகளில் தடையின்றி வாங்கலாம். அபினிச் செடியைக் கட்டுப்படுத்துகின்ற 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அதன் விதைக்கு விலக்கு அளித்துள்ளது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் அவ்விலக்கு இல்லை. அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். உம்ராவுக்குச் செல்வோரின் சமையல் மூட்டைக்கும் இதே சட்டம்தான். ஹஜ் பயணிகள் எடுத்துச் செல்லக் கூடாதவற்றில் கசகசாவும் ஒன்று என இந்திய ஹஜ் குழுவே அறிவுறுத்துகிறது.

“சிறிதளவுதானே” என்பர். அளவைக் காட்டித் தப்பலாம் என்பதற்கு யார் பொறுப்பேற்பார்? பிடிபடுபவர் கொடுத்தவர் அல்லர், சுமந்தவர்.

“அது ஹலாலான உணவுப் பொருள்தானே” என்பர். உண்ண ஆகுமானது என்பதால் பிறரை ஆபத்தில் தள்ளுவதும் ஆகுமானதாகிவிடாது. விசா பெற்று ஒரு நாட்டினுள் நுழைவது, அந்நாட்டுச் சட்டத்திற்குக் கட்டுப்படுவதாக அளிக்கும் வாக்குறுதி. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே நமக்குக் கட்டளையிடுகிறது.

“மலையாளிகள் கடையில் கஸ்கஸ் விற்கிறார்களே” என்பர். அவர்கள் அப்பெயரால் அழைப்பது சர்பத்தில் ஊறவைக்கும் சப்ஜா விதையை. பெயர் ஒன்று, பொருள் வேறு.

“ஊர்ச் சாமான் அங்கே கிடைப்பதில்லை” என்பது பழைய காலத்துப் பேச்சு. துபாயின் கராமாவிலும் ரியாத்தின் பத்ஹாவிலும் புழுங்கலரிசி, முருங்கைக்காய், கறிவேப்பிலை யாவும் கிடைக்கின்றன. கசகசா இல்லாத குருமாவை முந்திரியும் தேங்காயும் கெட்டிப்படுத்திவிடும்.

அமானிதம் என்பது பெற்றுக்கொண்டவர் மீது மட்டுமே கடமை என்று எண்ணுகிறோம். உள்ளிருப்பதை மறைத்துக் கொடுப்பவரும் அமானிதத்திற்குத் துரோகம் செய்கிறார். ஆகவே கொடுப்பவர் பொட்டலத்தைப் பயணியின் கண்முன்னே பிரித்துக் காட்டிக் கட்டட்டும். ஒட்டிய பொட்டலத்தைப் பயணி வாங்காதிருக்கட்டும். அதனால் உறவினர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அயல்நாட்டுச் சிறையில் ஒருவர் வாட, அவருடைய பிள்ளைகள் இங்கே தவிப்பதைவிட அது மேலானது.