மாத்தளைப் பிறக்கிராசியும் வடக்கின் ஆளுநரும்

1962ஆம் ஆண்டு ஜனவரிக் கடைசியில் பொலீஸ், இராணுவ அதிகாரிகள் சிலர் தீட்டிய சதி முன்கூட்டியே வெளிப்பட்டு, விசாரணையில் மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலகவின் பெயரும் அடிபட்டபொழுது, அந்த ஸ்தானத்துக்கு வில்லியம் கோபல்லாவ அழைக்கப்படுவார் என்று நினைத்தவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். மாத்தளையில் பிறக்கிராசித் தொழில் நடத்தி, கண்டியிலும் கொழும்பிலும் மாநகர ஆணையாளராயிருந்து, பின்னர் சீனத்திலும் அமெரிக்காவிலும் தூதுவரானவர் அவர். பிரதமர் சிறிமாவோவின் உறவினர் என்பது நியமனத்துக்குத் துணைசெய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மார்ச் 2ஆந் திகதி பதவியேற்ற அவர், முன்னிருந்தோர் அணிந்த சம்பிரதாய உடுப்பை ஒதுக்கிவைத்துத் தேசிய உடையிலேயே அந்த ஆசனத்தில் அமர்ந்தார்.

எந்த வாசகம் தமக்கு எவ்வளவு அதிகாரம் தருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது சட்டம் படித்தவரின் இயல்பு. 1958 கலவரத்தின்போது அவசரகால நிருவாகத்தை ஒலிவர் தம் கையிலேயே எடுத்துக்கொண்டதைக் கண்ட யாழ்ப்பாணத்தாருக்கு, அமைச்சரவையின் ஆலோசனைக்கு அமைந்து பத்து வருஷம் ஆரவாரமின்றி இருந்த கோபல்லாவ வேறொரு மாதிரியான மனிதராகவே தோன்றியிருக்க வேண்டும். அந்த அடக்கத்தை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் 1972 மே 22ஆந் திகதி, சிறுபான்மையோருக்குக் காப்பாயிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைக் கைவிட்ட புதிய அரசியலமைப்பின்கீழ், அதே மனிதரே முதலாவது ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அவ்வாண்டு ஒக்டோபரில், இன்னொரு வழக்கறிஞரான எஸ். ஜே. வி. செல்வநாயகம், அந்த யாப்புக்குத் தமிழர் சம்மதமில்லை என்பதை மக்கள் வாக்கால் நிரூபிக்கவெனக் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தலுக்கு அவர் 1975 பெப்ரவரிவரை காத்திருக்க நேர்ந்தது. அரசியலமைப்பே நம்மைக் கைவிட்டபொழுது, மேலிருந்தவரின் நல்லியல்பு நமக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

இன்று வடக்கில் ஆளுநராக யார் வருவார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இதுவே என் நினைவுக்கு வருகிறது. 2013 செப்டெம்பரில் மக்கள் வாக்களித்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரனை முதலமைச்சராக்கியபொழுது, ஆளுநராயிருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜி. ஏ. சந்திரசிறி. 1987ஆம் ஆண்டின் மாகாணசபைகள் சட்டப்படி மாகாண உத்தியோகத்தரின் நியமனமும் இடமாற்றமும் ஆளுநர் கையில். நிதி சம்பந்தமான நியதிச்சட்டமொன்றைச் சபையில் சமர்ப்பிப்பதற்கும் அவருடைய சிபாரிசு வேண்டும். கற்றறிந்த நீதியரசராலும் அந்த ஏற்பாட்டை அசைக்க முடியவில்லை. அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றிய 2017ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லைநிர்ணயத்தில் சிக்கிக்கொள்ள, கைதடிச் சபா மண்டபத்தில் உறுப்பினரில்லாமலே ஆண்டுகள் கழிந்தன; ஜனாதிபதியின் விருப்பமுள்ளவரை பதவியிலிருக்கும் ஒருவரே மாகாணம் முழுவதுக்கும் கையொப்பமிடுபவரானார்.

நாளை நம் நீதிமன்ற வட்டாரத்திலிருந்தே ஒரு வழக்கறிஞர் எதிர்பாராமல் அந்த ஆசனத்துக்கு அழைக்கப்பட்டால், நாம் மகிழ்ந்து வரவேற்போம். ஆனால் ஆளுநருக்கு ஆலோசனை கூற அமைச்சர் வாரியம் ஒன்று இருக்கவேண்டுமென்று 13ஆந் திருத்தம் விதித்திருப்பதை அவர் நன்றாகப் படித்தவராயிருப்பாராகையால், பதவியேற்ற வாரத்திலேயே, பழைய முறைப்படியேனும் தேர்தலை நடத்தப் பாராளுமன்றத்தில் வழிசெய்யுமாறு ஜனாதிபதிக்குப் பகிரங்கமாக எழுதவேண்டும். அதனால் பதவி போகுமென்றால் போகட்டும். திரும்பிச் செல்ல அவருக்குத் தொழில் ஒன்று இருக்கிறது.