மந்திரத்தின் விலை

ஆண்டிறுதியிலே வணிகர் ஐந்தொகை எடுப்பது போல, நூல் வாசிப்போரும் தம் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. இவ்வாண்டு யான் வாசித்தவற்றுட் பெரும்பாலானவை அற்புத நவீனங்கள். மந்திரவாதியும், மாய மோதிரமும், மாண்டவர் பேச்சும், இன்னும் கட்டப்படாத யந்திரங்களும் மலிந்த கதைகள். எமது கல்லூரி நாட்களிலே மாணவன் கையில் இத்தகைய நூலைக் கண்டு முகமலர்ந்த ஆசிரியர் அரியர். இன்றும் பெற்றோர் பலர், பரீட்சைக்கு உதவாதவை என்று இவற்றை ஒதுக்குகின்றனர். அவ்வழக்கிலே எதிர்வாதியின் பக்கம் நின்று சில கூற விரும்புகின்றேன்.

வாழ்விலிருந்து தப்பியோடும் வழி என்பதே இந்நூல்கள் மீது சுமத்தப்படும் முதற் குற்றம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரோல்கின் இதற்கு விடையிறுத்துள்ளார். சிறைப்பட்டவன் தப்புவதையும் போர்வீரன் களத்தை விட்டு ஓடுவதையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பது அவர் வாதம். 1916ஆம் ஆண்டிலே சொம் போர்க்களத்தைக் கண்டவர் அவர்; களம் இன்னதென்று அறிந்தே பேசினார். 1954, 1955ஆம் ஆண்டுகளிலே மூன்று பாகங்களாக வெளிவந்த அவருடைய பெருநவீனத்தில், பேராற்றல் தரும் மோதிரமொன்று வருகின்றது. அதனை அணிந்து தீயோனை வென்றுவிடலாமே என்று வாசிப்போர் நினைப்பர். நல்லோரான மந்திரவாதியோ, கையிலே தந்தபோதும் அதனை ஏற்க மறுக்கின்றார். நன்மை செய்யும் நோக்கோடு அணிந்தவரையும் அது தன்வயமாக்கிவிடும் என்பதை அவர் அறிவார்.

நல்ல அற்புத நவீனத்துக்கு உரைகல் இதுவே என்பது என் துணிபு. எதுவும் நிகழலாம் என்ற உலகிலே எந்நிகழ்ச்சிக்கும் பொருளில்லை. மந்திரத்துக்கு விதி வேண்டும். அதனைக் கையாளுவோர் விலை கொடுத்தல் வேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் அம்மையார் இதனை நன்கு உணர்ந்தவர். 1968இல் வெளிவந்த அவரது ‘ஏர்த்சீ மந்திரவாதி’ சிறுவர்க்கென எழுதப்பட்டது. ஆயினும் இவ்வாண்டு யான் இருமுறை வாசித்த நூல் இதுவொன்றே. தீவுகளாலான உலகம் அது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் உண்மைப் பெயர் ஒன்றுண்டு. பெயரை அறிந்தவன் பொருளை ஆள்வான். ஆடு மேய்த்த சிறுவனாகிய கெட், ஓகியன் என்னும் ஆசானிடம் சீடனாகின்றான். வித்தை உடனே கிடைக்குமென எதிர்பார்த்தவனுக்கு ஆசான் காட்டுவது காட்டுச்செடிகளையும் மௌனத்தையும். மழையை விலக்க வல்ல அவர் அதனைப் பெய்யவிட்டு மரத்தடியிலே படுத்துறங்குகின்றார். சீடனோ புதரோரம் நனைந்தபடி மனம் புழுங்குகின்றான். குருகுலக் கதைகள் கேட்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி புதிதன்று. ஓரிடத்து மழையை மந்திரத்தால் அழைத்தால் மற்றோரிடத்தில் வறட்சி நேரலாம் என்று பின்னர் மந்திரக் கல்லூரியிலே அவன் கற்கின்றான். கற்றும், செருக்கினால் மாண்டாள் ஒருத்தியின் ஆவியை அழைக்கின்றான். திறந்த வழியே கரிய நிழலொன்று புகுந்துவிடுகின்றது. அவ்வழியை அடைக்கத் தலைமை மந்திரவாதி தம் உயிரையே கொடுக்கின்றார். இதனினும் தெளிவாக விலையைக் காட்டிய சிறுவர் நூலை யான் கண்டிலேன். கெட் மாநிறத்தவன் என்று அம்மையார் எழுதியிருக்க, அட்டைப்படம் வரைந்தோர் பலர் அவனை வெள்ளையனாக்கினர் என்பதையும் இடையிலே சொல்லிவைக்கின்றேன்.

மேனாட்டார் கண்டுபிடித்த புதுமையென இதனைக் கொள்ளவேண்டா. மணிமேகலை காயசண்டிகை வடிவெடுத்தது உதயகுமாரன் கண்ணில் அகப்படாதிருக்கவே. முடிவு என்னாயிற்று? காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவ்வடிவத்தைத் தன் மனைவியென்றே நம்பி, அவளோடு நின்ற அரசகுமாரனை வாளுக்கு இரையாக்கினான். வடிவம் மாறிய மந்திரத்துக்கு விலை ஓர் உயிர். அதன்மேல் மணிமேகலைக்குச் சிறை. சாத்தனார் எதனையும் இலவசமாக நிகழவிடுவதில்லை. இக்காப்பியத்தை மனனஞ்செய்து புள்ளி பெற்ற நாம், கெட்டின் கதையைச் சிறுபிள்ளை விளையாட்டென்பது வியப்பே.

விஞ்ஞான நவீனத்திலும் இதே உரைகல்லைத் தேய்த்துப் பார்த்தேன். 1956இலிருந்து 2008இல் மறையும்வரை எமது நாட்டை இருப்பிடமாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க், 1979இல் ‘சொர்க்கத்தின் நீரூற்றுக்கள்’ என்ற நவீனத்தை வெளியிட்டார். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் கோபுரம் அதன் பொருள். அது பூமத்திய ரேகையிலேயே நிற்கவேண்டும் என்பது பௌதிக விதி. ஆகவே இலங்கையை ஒத்த தீவொன்றைத் தப்ரபேன் எனப் பெயரிட்டு, எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார்! பௌதிகத்துக்கு இத்துணை அஞ்சிய ஆசிரியர் மனிதர் செய்தியிலே எளிதாகத் தப்பிவிடுகின்றார். கோபுரம் எழவேண்டிய மலையிலே துறவிகள் வாழ்கின்றனர். வண்ணத்துப்பூச்சிகள் சிகரத்தை அடைந்ததும், பழைய வாக்குப் பலித்ததென்று அவர்கள் இறங்கிப் போய்விடுகின்றனர். கொடுக்கவேண்டிய விலையைப் பூச்சிகள் கொடுத்துத் தீர்த்தன. சிந்தனையாற் பெரிய நூல். எனினும் அவ்விடத்தில் என் மனம் ஒப்பவில்லை.

2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நவீனம் வேறு வகையினது. 1990ஆம் ஆண்டுக் கொழும்பிலே மாண்டுபோன புகைப்படக்காரன் மாலி அல்மேய்தா, தான் ஒளித்துவைத்த படங்களை நண்பர் கண்டெடுக்கச் செய்யவேண்டும். 1983ஆம் ஆண்டு வன்செயலின் படங்களும் அவற்றுள் உள. தவணை ஏழு நிலவு. இதனை மெய்ந்நிகழ்ச்சி நவீனமாக எழுதியிருந்தால், எழுதியவர் எந்தப் பக்கத்தார் என்பதையே பலர் முதலிற் கேட்டிருப்பர். அந்த ஆவிக்கும் விதியுண்டு: உயிரோடிருந்தபோது தன் உடல் சென்ற இடங்களுக்கும், தன் பெயர் உச்சரிக்கப்படும் இடத்துக்குமே அது செல்லலாம். காணாமற்போன மக்களின் பெயர்களைத் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து உச்சரித்த நாட்டிலே, இவ்விதியை வாசித்துவிட்டுச் சிறிதுநேரம் நூலை மூடிவைத்தேன். இது தப்பியோடும் வழியென்று எவரும் என்னிடம் சொல்லவேண்டா.

இப்போது தமிழிலும் வாளும் அரசரும் மந்திரமும் கலந்த கதைகள் வருகின்றன. வீரன் கைநீட்டினால் மலை பிளக்கின்றது. மறுநாட் காலை அவன் களைப்பின்றி எழுகின்றான். இளைஞர் எழுதட்டும், மணிமேகலையை ஒருமுறை புரட்டிவிட்டு எழுதட்டும்.

எமது கல்லூரி நூலகத்தின் ஆங்கிலப் பகுதியிலே இந்நூல்களுக்கு ஒரு தட்டு ஒதுக்குமாறு பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றேன். லெ குவினின் நூலை யானே தருவேன். வருமாண்டுக்கென எடுத்து வைத்திருப்பது, நம் நாட்டவராகிய வஜ்ர சந்திரசேகர 2023இல் வெளியிட்டு மறுவருடம் நெபியுலா பரிசு பெற்ற நவீனம். மாணவர் எவரேனும் அதனை முன்னரே வாசித்திருப்பின், முடிவை என்னிடம் சொல்லாதிருப்பாராக.