கம்பி மாறும், கட்டை மாறாது!
விருத்தாசலம் பீங்கான் சொல்லும் பாடம்

வீட்டில் திடீரென்று விளக்கு அணைகிறது. "பியூஸ் போய்விட்டது" என்கிறார்கள். போனது எது? ஒரு மெல்லிய கம்பிதான். அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்ததும் கம்பி உருகி அறுந்துவிட்டது. வீடு தப்பியது. பீங்கான் கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுக் கம்பி கட்டினால் மறுபடியும் வெளிச்சம்!

இந்தக் கட்டைகளுக்குப் பேர் போன ஊர், கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். வெள்ளாற்றங்கரையில் உள்ள கருவேப்பிலங்குறிச்சிக்குப் பக்கத்து நகரம் அது. அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழிலைக் கற்றுத் தரும் அரசுக் கல்லூரியும் உண்டு.

சுட்ட மண் திரும்பாது

வெள்ளைக் களிமண்ணோடு இரண்டு வகைக் கல் பொடிகளைக் கலந்து பீங்கான் செய்கிறார்கள். அச்சில் வார்த்த பொருள் சுடுவதற்கு முன் உடைந்தால் கவலை இல்லை. தண்ணீர் விட்டுக் குழைத்தால் மீண்டும் மண்தான்.

சூளையில் 1,200 டிகிரிக்கு மேல் வெந்துவிட்டால் கதை வேறு. அதைத் திரும்ப மண்ணாக்க முடியாது. பொடியாக அரைத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். ஆனால் எரித்த எரிபொருள் போனது போனதுதான். ஆகவே, சுட்ட பொருள் நெடுநாள் உழைக்க வேண்டும்.

பியூஸ் கட்டை அப்படித்தான் உழைக்கிறது. கெட்டுப்போகும் பாகம் எது என்று முதலிலேயே தீர்மானித்தார்கள். அதை மலிவாகவும், சுலபமாக மாற்றும்படியும் வைத்தார்கள். ரகசியம் அவ்வளவுதான்!

ஒட்டி மூடிய பொருள்கள்

இன்று பல பொருள்கள் இதற்கு நேர்மாறாக வருகின்றன. செல்போனில் பேட்டரியை உள்ளேயே ஒட்டிவிடுகிறார்கள். எல்.இ.டி. பல்பில் ஒரு சிறு பாகம் கெட்டால் முழு பல்பும் குப்பைக்குப் போகிறது. நட்டம் யாருக்கு? பணம் கொடுத்து வாங்கிய குடும்பத்துக்கு!

பிரான்சு நாடு 2021-ல் ஒரு வழி கண்டது. செல்போன், சலவை இயந்திரம் போன்றவற்றைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று 10-க்கு மதிப்பெண் போட்டு, கடையிலேயே காட்டச் சொன்னது.

இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் "பழுது பார்க்கும் உரிமை" பற்றி ஆராயக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென இணையதளமும் திறந்தது. மதிப்பெண் முறை பற்றி ஆராய்ந்த மற்றொரு குழு 2025-ல் அறிக்கை தந்தது.

உரிமை மட்டும் போதுமா?

போதாது. கம்பி அடிக்கடி அறுகிறதே என்று தடித்த கம்பியைக் கட்டுகிறவர்கள் உண்டு. அப்போது கம்பி உருகாது. வீட்டு ஒயர் எரியும்! எம்.சி.பி. எனும் சுவிட்சுகள் பல வீடுகளில் பியூசின் இடத்தைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். சரியான உதிரி பாகமும், சரியாக மாட்டத் தெரிந்த கையும் இருந்தால்தான் பழுது பார்ப்பது பலன் தரும்.

அடுத்த முறை பொருள் வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உதிரி பாகம் கிடைக்குமா? எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்? நம் ஊர் மெக்கானிக் இதைத் திறக்க முடியுமா?

வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால், செய்கிறவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள்.