அறிவியல் அரங்கம்: வீசைக் கணக்கும் கிகாபைட் கணக்கும்

ரங்கூன் என எம் முன்னோர் வழங்கிய யாங்கூன் நகரின் சந்தைகளில் மீனும் இறைச்சியும் வெங்காயமும் இன்றும் வீசைக் கணக்கிலேயே விற்கப்படுகின்றன. வீசை என்பது தமிழ்நாட்டிலும் வழங்கிய பழைய நிறுத்தலளவை. ஆனால் சென்னை வீசை 40 பலம் கொண்டது, ஏறத்தாழ 1.4 கிலோ. பர்மா வீசையோ 1.63 கிலோவுக்குச் சற்று மேற்பட்டது. பெயர் ஒன்றாயினும் நிறை இரண்டு. எந்த வீசை எனக் கேட்டறியாது விலை பேசுபவர், ஒவ்வொரு வீசையிலும் 200 கிராமுக்கு மேல் கணக்குத் தவறுவார்.

இதே குழப்பம் இன்று எம்மவர் கைகளிலுள்ள தொலைபேசிகளிலும் மெமரி கார்ட்களிலும் நிகழ்கின்றது. அட்டையின் மேல் 64 கிகாபைட் என எழுதியிருக்கும். கணனியில் இட்டுப் பார்த்தால் 59.6 என்றே காட்டும். எஞ்சிய நான்கும் எங்கே போயின? கடைக்காரர் ஏமாற்றினாரா? இல்லை, இங்கும் பெயர் ஒன்று, அளவு இரண்டு.

கிலோ என்றால் ஆயிரம். உற்பத்தியாளர் இக்கணக்கின்படியே ஒரு கிகாபைட்டை நூறு கோடி பைட் எனக் கொள்கின்றனர். கணனியோ இரண்டிரண்டாகப் பெருக்கிச் செல்வது. அதற்கு ஆயிரத்தை அடுத்த வசதியான எண் 1024. எனவே விண்டோஸ் போன்ற மென்பொருள்கள் 107,37,41,824 பைட் சேர்ந்ததையே ஒரு கிகாபைட் என்கின்றன. 6,400 கோடி பைட்டை இவ்வெண்ணால் வகுத்தால் 59.6 வரும். இவ்வாறே 32 என்பது 29.8 ஆகவும், 128 என்பது 119.2 ஆகவும், ஒரு டெராபைட் 931 கிகாபைட் ஆகவும் தோன்றும். பைட் ஒன்றும் குறையவில்லை, அளவுகோலே மாறியது.

இக்குழப்பம் தீர, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 டிசம்பரில் 1024 கணக்கிற்குத் தனிப் பெயர்களை வகுத்தது. கடைவீதியில் அவை வழக்கிற்கு வரவில்லை. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை சென்றது. 2007இல் சீகேட் நிறுவனம், வாங்கியவர்களுக்கு விலையில் நூற்றுக்கு 5 பங்கைத் திருப்பித் தர உடன்பட்டது.

தொலைபேசியில் வேறொரு குறைவும் உண்டு. அதனை இயக்கும் மென்பொருளும் அதே இடத்திலேயே குடியிருக்கின்றது. 2013இல் வெளிவந்த சாம்சங் கேலக்சி எஸ்4 தொலைபேசியில், 16 கிகாபைட்டில் பாவனைக்கு எஞ்சியது ஏறத்தாழ 9 மட்டுமே. ஆகவே தொலைபேசி வாங்குவோர், எழுதியுள்ள அளவை விடுத்து எஞ்சியுள்ள அளவையே கேட்டறிதல் வேண்டும்.

இவையிரண்டும் ஏமாற்றல்ல. மூன்றாவதே ஏமாற்று, நாம் அஞ்ச வேண்டியதும் அதுவே. 8 கிகாபைட் மட்டுமே கொள்ளும் அட்டையை 64 எனப் பொய் கூறுமாறு மாற்றியமைத்து மலிவாக விற்போர் உலகெங்கும் உள்ளனர். தொலைபேசியும் அப்பொய்யை நம்பும். 8 நிறைந்த பின்னரும் படங்கள் பதிவாவது போலவே காட்டும். உண்மையில் புதியவை பதிவாகாது போகும், அல்லது பழையவற்றை அழித்துவிடும்.

1942இல் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்த எம்மவர், பத்திரங்களைத் துணியில் முடிந்து மடியில் கட்டி வந்தனர். 2014இல் மியான்மரில் 1,500 கியாட்டுக்கு சிம் அட்டை கிடைக்கத் தொடங்கிய பின், அங்கும் தொலைபேசியே பல குடும்பங்களின் படப்பெட்டியும் பத்திரப்பெட்டியும் ஆயிற்று. பிறப்புச் சான்றிதழ், பதிவு அட்டை, காணிப் பத்திரம், இறந்தோரின் ஒரே படம் யாவும் இன்று நகத்தளவு அட்டையில் அடங்கியுள்ளன. ஊருக்கு மீள இயலாதவர்க்கு அவற்றின் மறுபிரதி எளிதில் கிட்டாது.

எனவே புதிய அட்டையை வாங்கியதும் முக்கியமான எதையும் அதில் இடாதீர்கள். முதலில் வேண்டாத வீடியோக்களால் அதனை முழுதும் நிரப்புங்கள். பின் அதனைக் கழற்றி மீண்டும் இட்டு, முதலிலும் நடுவிலும் இறுதியிலும் உள்ளவற்றைத் திறந்து பாருங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடினால் அழித்துவிட்டுப் பாவியுங்கள். ஒன்றேனும் திறவாவிடின் அன்றே கடையில் திருப்பிக் கொடுங்கள். நல்ல அட்டையாயினும் அது ஒருநாள் பழுதாகலாம். ஆகவே ஒரு பிரதியை வேறூரிலுள்ள உறவினரிடமும் வைத்திருங்கள்.

பத்திரப் படமொன்று 3 மெகாபைட் எனக் கொண்டால், உண்மையான 64 கிகாபைட் அட்டையில் இருபதினாயிரத்திற்கு மேல் அடங்கும். குறைந்ததாகத் தோன்றும் நான்கு கிகாபைட்டுக்காக வருந்த வேண்டியதில்லை. சோதியாது நம்பி வைக்கும் ஒரு பத்திரத்திற்காகவே வருந்த நேரும்.

அடுத்த கிழமை, தொலைபேசி மின்கலத்தின் ஆயுள் பற்றி நோக்குவோம்.