போர்டுல 11 அயிட்டம், பார்சல்ல 10 தான்! ஓட்டல்களை உலுக்கிய ஊறுகாய் கேஸ்

விழுப்புரம்:

பஸ் ஸ்டாண்டு, ரெயில்வே ஸ்டேஷன், பெரியாஸ்பத்திரி வாசல்... எங்கே போய் இறங்கினாலும் ஓட்டல் போர்டுகள் கையைப் பிடித்து இழுக்கின்றன. 'அன்லிமிடெட் சாப்பாடு', 'பிரியாணி 99 ரூபாய்', 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைக்கிறார்கள். உள்ளே போய் சாப்பிட்டு கை கழுவிட்டு பில்லைப் பார்த்தால்தான் விவரம் தெரிகிறது. போர்டில் ஒரு ரேட், கல்லாவில் ஒரு ரேட்!

கேட்டால் "அது ஆபர் டைம் முடிஞ்சுபோச்சு சார்" என்று பதில் வரும். பின்னால் பத்து பேர் நிற்பார்கள். வேலைக்குப் போகிற அவசரம் வேறு. 20 ரூபாய்க்கு எதுக்கு வம்பு என்று கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

ஆனால் விழுப்புரத்தில் ஒருவர் அப்படி விடவில்லை. அவர் கேட்டது வெறும் 25 ரூபாய்தான்.

ஊறுகாய் எங்கே?

2022 நவம்பரில் நடந்த சம்பவம் இது. உறவினரின் நினைவு நாளுக்காக அவர் ஒரு ஓட்டலில் 25 சாப்பாடு பார்சல் வாங்கினார். ஒரு சாப்பாடு 80 ரூபாய். மொத்தம் 2 ஆயிரம் ரூபாய். சாப்பாட்டுடன் 11 அயிட்டம் தருவதாக ஓட்டலில் சொல்லி இருந்தார்கள். பார்சலைப் பிரித்தால் ஊறுகாயைக் காணோம்!

ஊறுகாய் பாக்கெட் ஒன்று 1 ரூபாய். 25 பார்சலுக்கு 25 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். ஓட்டலில் மறுத்துவிட்டார்கள். நேராக மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது. மன உளைச்சலுக்கு 30 ஆயிரம், வழக்குச் செலவுக்கு 5 ஆயிரம், ஊறுகாய்க்கு 25 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று ஓட்டலுக்கு உத்தரவு!

ஊறுகாய்க்குப் போய் கேஸா என்று அப்போது பலரும் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை இது. இத்தனை அயிட்டம், இத்தனை ரூபாய் என்று சொல்லி காசு வாங்கிவிட்டால் அது வியாபார வாக்கு. அதில் ஒரு ரூபாய் ஊறுகாய் குறைந்தாலும் குறைதான் என்பதே அந்தத் தீர்ப்பு சொன்ன செய்தி.

எப்படி எல்லாம் குழப்புறாங்க?

'அன்லிமிடெட்' என்று போர்டு இருக்கும். உட்கார்ந்த பிறகுதான் சாதமும் சாம்பாரும் மட்டும் அன்லிமிடெட், பொரியல் ஒரு தடவைதான் என்பார்கள். இரண்டாவது தடவை சாதம் கேட்டால் சப்ளையர் காதில் விழாது. கை காய்ந்துபோய் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அளவு சாப்பாடு என்று நேராக எழுதினால் யாரும் கோபப்பட மாட்டார்கள். அன்லிமிடெட் என்று கூப்பிட்டு அளவு சாப்பாடு போடுவதுதான் வயிற்றெரிச்சல்.

'பிரியாணி 99 ரூபாய்' என்பதும் இதே கதைதான். எறும்பு மாதிரி எழுத்தில் கீழே 'குஸ்கா' என்றோ, 'பகல் 12 முதல் 1 மணி வரை' என்றோ இருக்கும். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போனால், அது திங்கள் முதல் வெள்ளி வரைக்கும்தான் என்பார்கள்.

கடை திறப்பு விழா ஆபர்கள் இன்னொரு ரகம். 2021 ஜூலையில் மதுரை செல்லூரில் 5 பைசா கொண்டு வந்தால் பிரியாணி என்று அறிவித்தார்கள். கொரோனா நேரத்தில் நூற்றுக்கணக்கான பேர் திரண்டு வந்து, கடைசியில் கடை ஷட்டரையே இழுத்து மூட வேண்டியதாகிவிட்டது. காலையிலேயே வந்து காத்துக்கிடந்த ஜனங்கள்தான் ஏமாந்து திரும்பினார்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரங்களுக்கு விதிமுறை போட்டது. நிபந்தனை இருந்தால் அதைத் தெளிவாகப் படிக்கிற மாதிரி போட வேண்டும். விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ, அதே மொழியில் போட வேண்டும். மேலே பெரிய எழுத்தில் சொன்னதை கீழே சின்ன எழுத்தில் மாற்றிச் சொல்லக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

சட்டம் நல்லாத்தான் இருக்கு. பிறகு ஏன் நிற்கவில்லை? சுத்தம், கெட்டுப்போன சாப்பாடு என்றால் உணவு பாதுகாப்பு துறை ரெய்டு வருகிறது. எடை குறைந்தால் தொழிலாளர் துறை கேட்கிறது. போர்டில் எழுதியது இலைக்கு வந்ததா என்று கடை கடையாக யாரும் பார்ப்பதில்லை. யாராவது புகார் கொடுத்தால்தான் நடவடிக்கை. 20 ரூபாய்க்கு யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்பது கடைக்காரருக்கும் தெரியும். நூறு பேரிடம் 20 ரூபாய் என்றால் 2 ஆயிரம் ரூபாய் ஆச்சே!

பில்லில் இதைப் பாருங்க

சாதாரண ஓட்டல்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 200 ரூபாய்க்கு சாப்பிட்டால் 10 ரூபாய். பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று ஆரம்பிக்கும். சிறிய ஓட்டல்கள் பல 'காம்போசிஷன்' என்ற முறையில் மொத்த வியாபாரத்துக்கு வரி கட்டுகின்றன. அவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜி.எஸ்.டி. வாங்கவே கூடாது.

'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாகப் போட்டிருந்தால் அது அரசாங்க வரி இல்லை. ஓட்டல் வாங்கிக்கொள்வது. அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று டெல்லி ஐகோர்ட்டு 2025 மார்ச் 28-ந்தேதி தீர்ப்பு சொன்னது. எடுக்கச் சொல்லி தைரியமாகக் கேட்கலாம்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பெட்டிக்கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது. ஆனால் ஓட்டலில் உட்கார வைத்து பரிமாறும்போது கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அதனால் மூடியைத் திறக்கும் முன்பே விலையைக் கேட்டுவிடுவது நல்லது.

ஓட்டல்காரர்கள் கஷ்டமும் உண்டு

கேஸ் சிலிண்டர், எண்ணெய், காய்கறி விலை எல்லாம் ஏறிக்கிடக்கு. மாஸ்டர் கிடைப்பதில்லை, சப்ளையர் நிற்பதில்லை. உள்ளூர் மெஸ் நடத்துகிறவர் பாடு திண்டாட்டம்தான். ரேட்டை ஏற்றட்டும், தப்பில்லை. ஏற்றிய ரேட்டை போர்டில் நேர்மையாக எழுதட்டும். 99 என்று எழுதிவிட்டு 140 வாங்கும் கடையால் அடி வாங்குவது, 120 என்று உண்மையாக எழுதி வைத்திருக்கும் பக்கத்து கடைக்காரரும்தான்.

நாம என்ன செய்யணும்?

உட்காரும் முன்பே போர்டை செல்போனில் ஒரு போட்டோ எடுங்க. பில் கேட்டு வாங்குங்க. துண்டுச்சீட்டில் கிறுக்கிக் கொடுத்தால் விடாதீங்க. பில் இல்லாமல் வாதாடுவது ரொம்பக் கஷ்டம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் கிடையாது. விளம்பர மோசடியை விசாரிக்க கலெக்டருக்கும் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. அதனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள விஷயத்துக்கு கோர்ட்டு கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. 2 வருடத்துக்குள் மனு போட்டால் போதும். வெளியூரில் சாப்பிட்டிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

ஊறுகாய் கேசில் தீர்ப்பு வர 20 மாதம் ஆனது. தினக்கூலிக்குப் போகிறவர் 20 மாதம் கோர்ட்டுக்கு அலைய முடியுமா? முடியாது. அதனால்தான் மக்கள் தலையில் மட்டும் இதைக் கட்டிவிட்டு அதிகாரிகள் ஒதுங்கக் கூடாது. மாதம் ஒரு நாள், பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள பத்து ஓட்டலுக்கு சாதா ஆளாகப் போய் சாப்பிட்டு, போர்டையும் பில்லையும் ஒத்துப் பார்த்தாலே போதும். பாதி போர்டுகள் தானாகத் திருந்திவிடும்.

மாவட்ட நிர்வாகம் செய்யுமா?