அரிசிம்பருப்புக்கு ஒரு கடை வேண்டும்

கோவை - திருச்சி சாலையில் பல்லடத்தில் தொடங்கி பொங்கலூர் தாண்டிக் காங்கேயம் வரைக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் பஞ்சமில்லை. செட்டிநாடு மெஸ், மதுரை பரோட்டா, மலபார் பிரியாணி என்று வழிநெடுகப் பலகைகள். ஆனால், வண்டியை ஓரங்கட்டி, "இந்த ஊர்ச் சாப்பாடு எங்கேங்க கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் நம் ஊர்க்காரர்கள் யோசிக்கிறார்கள். கடைசியில் ஏதாவது ஒரு பிரியாணிக் கடைக்கு வழி சொல்லி அனுப்புகிறார்கள்.

நான் நூல் வியாபாரி. கொல்கத்தாவிலிருந்தும் லூதியானாவிலிருந்தும் வருகிறவர்களைச் சாப்பிட அழைத்துப் போவது என் தொழிலோடு சேர்ந்த வேலை. அவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?"

எங்கள் வீட்டில் ராத்திரிக்குப் பெரும்பாலும் அரிசிம்பருப்பு. எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய் தாளித்து, சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாகப் போட்டு வதக்கி, பூண்டு, தக்காளி, மஞ்சள்தூள் சேர்த்து, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவிடுவது. சோறு குழையக் கூடாது, பருப்பு கரையக் கூடாது. இறக்கியதும் ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய்யை விட்டு, கெட்டித் தயிரும் அப்பளமும் வைத்துச் சூட்டோடு சாப்பிட வேண்டும். வெங்காயமும் தக்காளியும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத் திட்ட (பி.ஏ.பி.) வாய்க்கால் தண்ணீரில் விளைபவை. இதைவிட உள்ளூர்ச் சாப்பாடு வேறு எது?

ஆனால், இது கடைக்கு வரவில்லை. எங்கள் திருப்பூர் வட்டாரத்துக் கடைகள் வெளியூரிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவர்களுக்காக முளைத்தவை. தேனி, சிவகங்கைக்காரர்களும் பிகார், ஒடிசாக்காரர்களும் தங்கள் ஊர் ருசியைத் தேடுவது நியாயம். அது கிடைப்பதும் நல்லது. உள்ளூர்க்காரர்களோ வீட்டில் சாப்பிட்டுவிடுகிறார்கள். "இதுக்குப் போய் யாருங்க காசு கொடுப்பாங்க?" என்ற நினைப்பு எங்கள் பெண்களிடம் ஊறிப்போயிருக்கிறது. கொள்ளு ரசத்துக்கும் அதே கதி. சந்தகைக்கு இன்னும் மோசம்: வேகவைத்த மாவைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் வைத்துப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்துத் தருவதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

கறிச் சாப்பாடு மட்டும் தப்பித்துக்கொண்டது. பள்ளிபாளையம் என்ற விசைத்தறி ஊரின் பெயரைச் சொல்லிச் சென்னையில் சிக்கன் விற்கிறது. 1960-ல் ஈரோட்டில் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா கடல் கடந்தும் கிளை விரித்திருக்கிறது. கோழிப் பண்ணைகள் நிறைந்த பல்லடத்தில்தான் கறிக்கோழிக்கு அன்றாட விலையே நிர்ணயம் ஆகிறது. மிளகாயைக் கிள்ளிப் போட்டு வறுத்த சிந்தாமணிச் சிக்கன் கேட்டால் எங்காவது கிடைத்துவிடும்.

நல்ல கடை தேடுவோரிடம், லாரி நிற்கும் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. லாரி நிறுத்த இடமும், குளிக்கத் தண்ணீரும் இருந்தால் டிரைவர்கள் நிறுத்துவார்கள். நம் ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. விடிகாலையில் திருப்பூர் தென்னம்பாளையம் உழவர் சந்தைக்குப் போங்கள். காய் இறக்கிவிட்டு நிற்கும் விவசாயியிடம், "நீங்க எங்கேங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். அவர் காட்டும் இட்லிக் கடை ஏமாற்றாது. வெயில் காலமென்றால் மரத்தடித் தள்ளுவண்டியில் கம்மங்கூழ் குடியுங்கள். மோர் விட்டுக் கரைத்த கூழுக்கு மோர்மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், உப்பில் ஊறிய மாங்காய் என்று தட்டு நிறைய வைத்திருப்பார்கள்.

அரிசிம்பருப்பைத்தான் இப்படித் தேடிப் பிடிக்க முடியாது; அதற்குக் கடை போட்டால்தான் உண்டு. பல்லடம் பேருந்து நிலையத்திலும் பொங்கலூர் சாலையோரத்திலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு அரசு ஒவ்வொரு கடை ஒதுக்கட்டும். வாடகையை முதல் வருடம் பாதியாக்கட்டும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் திறந்தால் போதும். அரிசிம்பருப்பு அந்த நேரத்துச் சாப்பாடுதான். பெரிய ஓட்டல்காரர்களும் வாரத்தில் ஒரு நாள் சமைத்துப் பார்க்கலாம். முதல் மாதம் என் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரையும் அங்கே அழைத்து வருவது என் பொறுப்பு.